மூடிய சுரங்கத்தில் ஒரு லெவல்: அலங்காரத்தையும் சத்தத்தையும் சேர்த்தே வைப்பது எப்படி

உங்கள் லெவல் கட்டி முடிந்துவிட்டது. ஓடலாம், குதிக்கலாம், குழியில் விழலாம், கடைசிக் கதவைத் தொட்டால் அடுத்த லெவல் வருகிறது. ஆனால் பார்க்க வெறும் சாம்பல் கட்டங்கள், காதில் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் வந்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் முதல் இரண்டு கேம்களில் படங்களையெல்லாம் வைத்து முடித்துவிட்டு, சத்தத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கும், தண்ணீர் எங்கே என்று தெரியாது. மரப்பாலம் இருக்கும், அதில் நடந்தால் சிமென்ட் தரையில் நடப்பதுபோல் கேட்கும். படமும் சத்தமும் இரண்டு வேறு வீட்டுச் சாமான்கள் மாதிரி நின்றன. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: ஒரு பொருளை லெவலில் வைத்தால், அதன் சத்தத்தையும் அன்றைக்கே வைத்துவிட வேண்டும். வாளி வைத்தால் சொட்டு, பலகை வைத்தால் கிறீச். சத்தமே இல்லாத பொருள் என்றால் அதை ஏன் வைக்கிறோம் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த வழக்கத்திலிருந்து வந்தவைதான்.

கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோ எஞ்சின், 4.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. இலவசம், திறமூலம். சத்தத்தை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, அதுவும் இலவசம். பக்கவாட்டில் நடக்கும் 2டி கேம், 320க்கு 180 பிக்சல் திரை. லெவலை அடுக்கிக் கட்டும் சதுரத் துண்டான டைல், 16 பிக்சல். திரையின் அகலத்தில் சரியாக 20 டைல் அடங்கும். இந்த எண்ணை மனதில் வையுங்கள், சத்தத்துக்கு வரும்போது தேவைப்படும்.

தீம் என்ன என்பதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

'சுரங்கம்' என்ற ஒரு சொல் தீம் ஆகாது. எந்தச் சுரங்கம், எந்தக் காலம், இப்போது அங்கே யார்? நான் எடுத்துக்கொண்டது கர்நாடகத்தின் கோலார் தங்கவயல். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கமிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த இடம். அங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. 1902லேயே காவிரியின் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். நீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகள் நின்ற பிறகு, கீழே தண்ணீர் ஏறத் தொடங்கியது.

நான் எழுதிவைத்த வாக்கியம் இது: 'மூடிச் சில மாதங்கள் ஆன பிறகு, தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் சுரங்கத்தில் ஒருவர் தலைவிளக்கோடு தனியாக நடக்கிறார்.'

இப்படி எழுதியதும் பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிடும். மின்விளக்கு எரியாது. இயந்திரம் ஓடாது. தாதுவை இடித்த இரும்பு உலக்கைகளின் சத்தம், ஆட்கள் ஏறிப்போகும் கூண்டை இறக்கச் சொல்லும் மணி, இரண்டையும் வைக்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இந்த லெவலில் அவற்றுக்கு இடமில்லை. மிஞ்சுவது நீர், பாறை, மரம், துரு, காற்று, நடப்பவரின் காலடி. இந்த ஆறும் போதும்.

பேயும் வேண்டாம். கைவிடப்பட்ட இடம் என்றாலே எலும்புக்கூடும் சிரிப்புச் சத்தமும் வைக்கத் தோன்றும். அங்கே வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்த லெவலை விளையாடினால், 'ஆமாம், இங்கே மனிதர்கள் இருந்தார்கள்' என்று தோன்ற வேண்டும்.

நிறமும் லேயரும்

தங்கச் சுரங்கம் என்றதும் சுவரெல்லாம் மஞ்சளாக மின்னும்படி வரைந்துவிடுவார்கள். கோலாரில் தங்கம் இருந்தது வெளிறிய குவார்ட்ஸ் நரம்புகளில். அதைச் சுற்றிய பாறை கருமை கலந்த பச்சை. கல்லுக்குள் இருக்கும் தங்கம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அதனால் என் நிறப்பட்டியலில் கரும்பச்சையில் மூன்று அழுத்தங்கள், குவார்ட்ஸுக்கு ஒரு வெளிர் சாம்பல், துருவுக்கு ஒரு செம்பழுப்பு, விளக்குக்கு ஒரு வெளிர் மஞ்சள். மொத்தம் ஆறு நிறம். மஞ்சளை வேறு எந்தப் பொருளுக்கும் தொடவில்லை.

குவார்ட்ஸ் நரம்பு இன்னொரு வேலையும் செய்யும். இருட்டான சுவரில் வெளிறிய கோடு ஒன்று சாய்வாக ஓடினால், கண் அதன் பின்னாலேயே போகும். எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் அந்தக் கோட்டை இழுத்துவிடுங்கள். அம்புக்குறிப் பலகை வைக்கத் தேவையே இருக்காது.

கோடோவில் படம், சத்தம், வெளிச்சம் என்று ஒவ்வொரு உறுப்பும் ஒரு 'நோட்'. லேயர், அதாவது அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டைல்மேப்லேயர் நோட் போடுங்கள். எனக்கு நான்கு போதுமாக இருந்தது: தூரத்துப் பாறை, பின்சுவர், நடக்கும் தரை, முன்னால் வரும் நிழலுருக்கள். தூரத்துப் பாறையை ஒரு பாரலாக்ஸ்2டி நோட்டுக்குள் போட்டு ஸ்க்ரோல் அளவை 0.4 என்று வைத்தால் அது மெதுவாக நகரும். முன்நிழலுக்கு 1.2. முன்நிழலில் கஞ்சத்தனம் வேண்டும். இரண்டு திரைக்கு ஒரு தூண் போதும், குதிக்கும் இடத்தில் ஒன்றுகூட வரக்கூடாது.

பிக்சல் படங்கள் மங்கலாகத் தெரிந்தால், புராஜெக்ட் செட்டிங்ஸில் டெக்ஸ்சர் ஃபில்டரை லீனியரிலிருந்து நியரஸ்ட்டுக்கு மாற்றுங்கள். புதியவர்கள் முதல் நாளில் தடுக்கி விழும் இடம் இது.

நிற்கக்கூடிய எல்லாவற்றுக்கும் மேல்விளிம்பில் ஒரு பிக்சல் வெளிச்சக் கோடு கொடுங்கள். பின்சுவரில் அந்த அளவு வெளிச்சமான கோடு எங்கும் வரவேண்டாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கருப்பு வெள்ளையாக்கி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். தரை எது, சுவர் எது என்று அப்போதும் தெரிந்தால் சரி.

ஒரு வாளி

இப்போது பொருள்கள். ஒன்றை மட்டும் முழுதாகக் காட்டுகிறேன், மற்றவற்றை அதே முறையில் நீங்களே செய்துகொள்ளலாம்.

பாதையின் நடுவில் துருப்பிடித்த தகர வாளி ஒன்று. மேலே கூரையில் ஈரக்கசிவு. சொட்டு விழுந்து வாளி நிறைந்து, விளிம்பில் வழிந்து, தரையில் ஒரு கறை பரவியிருக்கிறது. வாளி தனியாக இருந்தால் வெறும் வாளி. கூரையின் கசிவையும் கீழே கறையையும் சேர்த்து வரைந்தால், மாதக்கணக்காக இங்கே யாரும் வரவில்லை என்று அதுவே சொல்லிவிடும்.

சத்தத்துக்கு நான் செய்தது: இரவு ஒரு மணிக்கு மின்விசிறியை நிறுத்தினேன், ஃபிரிட்ஜையும் கொஞ்ச நேரம் அணைத்தேன். சமையலறையில் ஒரு பெரிய எவர்சில்வர் குண்டானில் முக்கால் பங்கு தண்ணீர். ஸ்பூனால் ஒரு ஜாண் உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். பக்கத்தில் கைபேசி, அதைச் சுற்றி ஒரு போர்வை. முப்பது சொட்டுகளைப் பதிவு செய்து ஐந்தைத் தேர்ந்தெடுத்தேன். போர்வை இல்லாமல் எடுத்த முதல் பதிவில் சமையலறைச் சுவர்களின் எதிரொலி ஒட்டிக்கொண்டிருந்தது. சுரங்கத்தின் எதிரொலியைப் பிறகு நாம் சேர்க்கப் போகிறோம், வீட்டுச் சுவரின் எதிரொலி வந்துவிட்டால் அதை எடுக்கவே முடியாது.

ஆடாசிட்டியில் ஒவ்வொரு சொட்டின் முன்னால் இருக்கும் வெற்று நேரத்தை ஒட்ட வெட்டி, மோனோவாக்கி, அதாவது இடது வலது இல்லாத ஒற்றைத் தடமாக்கி, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். குறுகிய சத்தங்களுக்கு வேவ், நீளமானவற்றுக்கும் இசைக்கும் ஓக் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோடோவில் வாளியை ஒரு தனி சீனாக, அதாவது சேர்ந்தே நகரும் நோட்களின் தொகுப்பாக, உருவாக்குங்கள். அதற்குள் வாளியின் படத்துக்கு ஸ்பிரைட், இருக்கும் இடத்திலிருந்து சத்தம் எழுப்ப ஒரு ஆடியோஸ்ட்ரீம்பிளேயர்2டி, ஒரு டைமர். ஐந்து சொட்டுகளையும், அவற்றில் ஏதோ ஒன்றை ஒவ்வொரு முறையும் எடுத்து ஒலிக்கும் ஆடியோஸ்ட்ரீம்ரேண்டமைசரில் போட்டு, சுருதி (பிட்ச்) கொஞ்சம் மாறும்படி 1.1 என்று கொடுங்கள். டைமர் முடியும்போதெல்லாம் ஒரு சொட்டு, அடுத்த காத்திருப்பு 2 முதல் 7 விநாடிக்குள் ஏதோ ஒன்று. சீராகச் சொட்டினால் கடிகாரம் மாதிரி ஆகிவிடும், இரண்டாவது நிமிடத்தில் எரிச்சல் வரும்.

அப்புறம், பலரும் தவறவிடும் ஓர் எண். ஆடியோஸ்ட்ரீம்பிளேயர்2டியில் சத்தம் எட்டும் தூரமான 'மேக்ஸ் டிஸ்டன்ஸ்' இயல்பாக 2000 பிக்சல் என்றிருக்கும். நம் திரையின் அகலமே 320தான். அப்படியே விட்டால் ஆறு திரை தள்ளியிருக்கும் வாளியும் காதுக்கு எட்டும். லெவலில் எட்டு வாளி இருந்தால் எட்டும் ஒன்றாகச் சொட்டும். அதை 200க்குக் குறையுங்கள். திரையின் ஓரத்தில் வாளி தெரியத் தொடங்கும்போது சத்தமும் மெல்லத் தொடங்கும், அதைக் கடந்ததும் இன்னொரு காதுக்கு மாறித் தேயும்.

இனி இந்தச் சீனை இழுத்து எங்கே விட்டாலும் படமும் சத்தமும் சேர்ந்தே வரும். துருப்பிடித்த தள்ளுவண்டி, ஈர மரத்தூண், உடைந்த காற்றுக்குழாய் என்று எல்லாவற்றையும் இப்படியே சீன்களாகச் செய்துவைத்தேன். தூணுக்கு 20 முதல் 50 விநாடிக்கு ஒருமுறை மெல்லிய முனகல், வீட்டுப் பழைய கதவின் கீலில் எடுத்தது. காற்றுக்குழாய்க்குக் காலி பாட்டிலின் வாயில் ஊதிய சத்தம்.

காலடி

லெவல் முழுவதும் மிக அதிகமாகக் காதில் விழும் சத்தம் இதுதான். அதனால் அதிக நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

டைல்செட்டில், டைல்களுக்கு நாமே குறிப்பு எழுதிவைக்கும் 'கஸ்டம் டேட்டா லேயர்' ஒன்று சேர்த்து அதற்குத் 'தரை' என்று பெயர் வையுங்கள். ஒவ்வொரு டைலுக்கும் கல், மரம், நீர் என்று எழுதுங்கள். நடப்பவரின் காலுக்குக் கீழே உள்ள டைல் எது என்று கேட்டு, அந்தச் சொல்லுக்கு ஏற்ற ரேண்டமைசரை ஒலிக்கவிட வேண்டும். அதிகம் போனால் பத்து வரி நிரல். தரைக்கு நான்கு காலடியாவது வேண்டும். இரண்டே இருந்தால் இடது வலது என்று மாறி மாறி அணிவகுப்பு மாதிரி கேட்கும்.

சத்தம் ஒலிக்க வேண்டிய நேரத்தை டைமரால் தீர்மானிக்காதீர்கள். நடை அனிமேஷனில் பாதம் தரையைத் தொடும் ஃபிரேம் எதுவோ அந்த ஃபிரேமில் ஒலிக்கட்டும். ஓர் ஃபிரேம் தள்ளினாலும் கால் வழுக்குவதுபோல் தோன்றும்.

கல்லுக்கு, ஒரு தாம்பாளத்தில் ஜல்லி பரப்பி அதில் ஷூவை அழுத்தி எடுத்தேன். நீருக்கு, பக்கெட்டில் ஈரத்துண்டு போட்டு அதைக் கையால் அமுக்கினேன். தண்ணீரை நேரடியாக அடித்தால் குளியலறைதான் நினைவுக்கு வரும், துண்டு இருந்தால் சேற்றின் கனம் வருகிறது.

வெளிச்சம்

காட்சி முழுவதற்கும் ஒரு சாயல் ஏற்றும் கேன்வாஸ்மாடுலேட் நோட் ஒன்று போட்டு, அதன் நிறத்தைக் கரும்பச்சை சாயலுள்ள இருட்டாக வையுங்கள். முழுக் கருப்பு வேண்டாம், விளக்குக்கு வெளியேயும் உருவங்கள் மங்கலாகத் தெரிய வேண்டும். நடப்பவரின் தலையில் ஒரு பாயின்ட்லைட்2டி. இதற்கு டெக்ஸ்சர் கொடுக்காவிட்டால் வெளிச்சமே வராது. கிரேடியன்ட்டெக்ஸ்சர்2டி ஒன்றை ரேடியல் வகையாக வைத்தால் போதும். 2001இல் தலைவிளக்கு என்றால் பேட்டரி விளக்கு. தீப்பந்தம் மாதிரி நடுங்க வேண்டாம், நடைக்கேற்ப ஒரு பிக்சல் மேலும் கீழும் அசைந்தால் சரி. உயிர் எண்ணிக்கை போன்ற எழுத்துகளைத் தனி கேன்வாஸ்லேயரில் வையுங்கள், இல்லாவிட்டால் அவையும் இருண்டுவிடும்.

பாறை பேசும் நேரம்

தங்கவயலின் ஆழமான சுரங்கங்களில் 'ராக் பர்ஸ்ட்' என்ற ஆபத்து இருந்தது. ஆழத்தின் அழுத்தத்தில் பாறை திடீரென்று வெடிக்கும், அதிர்வு மேலே ஊருக்குள்ளும் தெரியும். இந்த லெவலில் யாரையும் அது கொல்வதில்லை. தூரத்தில் ஒருமுறை உறுமல், அவ்வளவுதான். 90 முதல் 150 விநாடிக்கு ஒருமுறை வரும்படி வைத்தேன்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் உறுமல். 0.3 விநாடி கழித்துக் கூரையிலிருந்து தூசி, ஜிபியுபார்ட்டிகிள்ஸ்2டி நோட்டில் 'ஒன் ஷாட்' வைத்துப் பத்துப் பதினைந்து துகள்கள். அதற்கும் பிறகு இரண்டு மூன்று கூழாங்கற்கள் உருளும் சத்தம். மூன்றையும் ஒரே நொடியில் வைத்தால் குண்டு வெடித்த மாதிரி இருக்கும். இடைவெளி விட்டால்தான் அதிர்வு எங்கிருந்தோ வந்து நம்மைத் தாண்டிப் போனதாகத் தோன்றும்.

கூழாங்கல்லுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மில் பலர் கைபேசி ஸ்பீக்கரில் விளையாடுகிறோம். சின்ன ஸ்பீக்கரில் அடி உறுமல் ஏறக்குறைய காணாமலே போய்விடும். மேல் சுருதியில் ஏதாவது கூட இருந்தால்தான் அவர்களுக்கும் ஏதோ நடந்தது தெரியும்.

அடியில் ஓடும் சத்தம்

இத்தனையும் வைத்த பிறகே பின்னணிச் சத்தத்துக்கு வாருங்கள். முதலிலேயே வைத்துவிட்டால் அது எல்லாக் குறைகளையும் மூடி மறைத்துவிடும்.

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும் ஒரே நீளமான லூப்புக்குப் பதிலாக இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று காற்று, 37 விநாடி. இன்னொன்று தூரத்து நீரோட்டம், 53 விநாடி. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கி, மறுபடி ஒன்றாகத் தொடங்கும் இடத்துக்கு வர 1961 விநாடி ஆகும், அதாவது 32 நிமிடத்துக்கும் மேல். அதற்குள் லெவல் முடிந்துவிடும்.

லூப் சேரும் இடத்தில் 'டக்' என்று கேட்டால், ஆடாசிட்டியில் கோப்பை நடுவில் வெட்டி முன்பாதியையும் பின்பாதியையும் இடம் மாற்றுங்கள். இப்போது ஒட்டு நடுவில் இருக்கும், அங்கே இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, ஒன்று தேயும்போது மற்றது எழும்படி கிராஸ்ஃபேட் செய்யுங்கள். மாற்றி வைத்ததால் கோப்பின் இரு முனைகளும் தாமாகவே பொருந்திவிடும். கோடோவில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, இம்போர்ட் பகுதியில் லூப்பை இயக்கி, 'ரீஇம்போர்ட்' அழுத்த மறக்காதீர்கள். அழுத்தாவிட்டால் ஒருமுறை ஓடி நின்றுவிடும்.

இந்த இரண்டுக்கும் சாதாரண ஆடியோஸ்ட்ரீம்பிளேயர் போதும், இடம் சார்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

எதிரொலிக்கு ஆடியோ பஸ்கள், அதாவது சத்தங்கள் கடந்துபோகும் தடங்கள். மாஸ்டருக்கு வலப்பக்கம் 'சுரங்கம்' என்று ஒன்று, அதற்கும் வலப்பக்கம் 'பெருங்குழி' என்று ஒன்று. ஒரு பஸ் தனக்கு இடப்பக்கம் இருக்கும் பஸ்ஸுக்கு மட்டுமே சத்தத்தை அனுப்பும், அதனால் இந்த வரிசை. பெருங்குழியில் எதிரொலி தரும் ரிவெர்ப் எஃபெக்ட் சேர்த்து அறையளவைக் கூட்டுங்கள். லெவலில் பாதை அகன்று பெரிய குழியாகும் இடத்தை, எல்லை குறிக்கும் நோட்டான ஓர் ஏரியா2டியால் சூழ்ந்து, அதன் ஆடியோ பஸ் ஓவர்ரைடில் இந்தப் பஸ்ஸின் பெயரைக் கொடுங்கள். அந்த எல்லைக்குள்ளிருந்து எழும் ஆடியோஸ்ட்ரீம்பிளேயர்2டி சத்தங்கள் தாமாகவே பெருங்குழியின் எதிரொலியோடு வரும். குறுகிய பாதையிலிருந்து குழிக்குள் முதல் காலடி வைத்ததும் அந்தக் காலடி விரிந்து திரும்பி வரும். கூரை எவ்வளவு உயரம் என்று வரைந்து காட்டவே வேண்டாம்.

அளவுக்கு என் தொடக்கம்: காலடி மைனஸ் 12 டெசிபல், சொட்டுகள் மைனஸ் 16, பின்னணி மைனஸ் 26. இது விதியல்ல, கைவைத்துத் திருத்த ஒரு தொடக்கம். 6 டெசிபல் குறைத்தால் அலையின் உயரம் பாதியாகும் என்று தெரிந்தால் கணக்கு எளிது. மாஸ்டரில், சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஹார்ட்லிமிட்டர் ஒன்று போட்டுவையுங்கள், எதிர்பாராத நேரத்தில் பத்துச் சத்தம் ஒன்றாக வந்தாலும் உடையாது.

இணையத்திலிருந்து எடுத்த சத்தம் ஒவ்வொன்றுக்கும், எடுத்த அன்றே ஒரு கோப்பில் சத்தத்தின் பெயர், உருவாக்கியவர், உரிமம் மூன்றையும் எழுதுங்கள். சத்தங்களைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் தளத்தில், எந்த நிபந்தனையும் இல்லாத சிசி0 உரிமம் என்றிருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். பெயர் குறிப்பிடச் சொல்லும் உரிமம் என்றால் கேமில் பெயர் போட வேண்டும். வணிகப் பயன்பாடு கூடாது என்றிருந்தால், விற்கப்போகும் கேமில் அதைத் தொடாதீர்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

சோதனையும் கடைசி மூலையும்

கேம் செய்யாத ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். முதலில் சத்தத்தை அணைத்து விளையாடச் சொல்லுங்கள், எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். அப்புறம் அவரைக் கண்ணை மூடச் சொல்லி ஹெட்போன் கொடுத்துவிட்டு, நீங்கள் நடத்துங்கள். 'இப்போது மரம்... இப்போது தண்ணீர்... பெரிய இடத்துக்கு வந்துவிட்டோமா?' என்று அவரே சொல்லிக்கொண்டு வர வேண்டும். எனக்கு இப்படிச் சோதித்துக் கொடுத்தவர் வாளியின் பக்கத்தை ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார், தள்ளுவண்டியை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. அதன் இரும்புச் சத்தத்தைத் திரும்பப் பதிவு செய்தேன்.

லெவலின் கடைசியில், கதவுக்கு முன்னால் ஒரு மூலை ஒதுக்கினேன். சுவரில் ஆணி, அதில் ஒரு துண்டு. கீழே மூடியில்லாத டிபன் கேரியர். அதன் மேலே பாறையில் சாக்பீஸால் ஒரு தேதி: 28.2.2001. இந்த மூன்றுக்கும் சத்தம் இல்லை. அதனால் என் வழக்கத்தை இங்கே திருப்பிப் போட்டேன். அந்த மூலையைச் சுற்றி ஓர் ஏரியா2டி வைத்து, உள்ளே வந்ததும் பின்னணி இரண்டும் மூன்று விநாடியில் 10 டெசிபல் இறங்கும்படி, ஓர் அளவைப் படிப்படியாக மாற்றும் ட்வீன் ஒன்று எழுதினேன். மூலைக்கு 200 பிக்சலுக்குள் எந்த வாளியும் வைக்கவில்லை. நடப்பவர் நின்றால் காலடியும் நின்றுவிடும். கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தும் வரை அங்கே ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது.